அன்னக்கொடி லாரியின் பிரேக் டிரம்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கதவை ஒருக்களித்துவிட்டு, கம்பளியைக் காலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நிற்கிறவர்களுக்கும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு லாரியின் கதை சொல்லப்போகிறேன். இதில் பேயும் வராது, புலியும் வராது. ஆனால் பேயைக் கண்டவளைப் போல ராவும் பகலும் மிரண்டு, புலியைப் போல எல்லோரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை வருவாள்.

அவள் பேர் அன்னக்கொடி. ஊர் பூம்பாறை. மலைச்சரிவில் படிப்படியாய் வயல் வெட்டிப் பூண்டு போடுகிற குடும்பம். அவள் புருஷன் பொன்னுச்சாமி மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். ஊர்ப் பூண்டையும் உருளைக்கிழங்கையும் குதிரை முதுகில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு வருவார். அப்புறம் பூம்பாறை வரைக்கும் லாரி ஏறிவர ஆரம்பித்த காலம் வந்தது. இனி குதிரைக்குச் சோலி இல்லை என்று கண்டுகொண்ட மனுஷன், குதிரைகளை விற்றார். ஓடைப்பக்கத்து வயலையும் விற்றார். பழைய லாரி ஒன்றை வாங்கிக் கோயில் முன்னால் நிறுத்தி மாலை போட்டார். அந்த மாலை காய்ந்து உதிர்வதற்குள் விஷக்காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். லாரி அன்னக்கொடி கைக்கு வந்தது.

அது வெறும் லாரி என்று நினைத்துவிடாதீர்கள். வத்தலக்குண்டில் அழகுமலை என்று ஒரு மண்டிக்காரர் இருந்தார். அதுவரைக்கும் பூம்பாறைக்கு வந்த ஒரே லாரி அவருடையது. அவர் லாரியில் ஏற்றினால் அவர் மண்டியில்தான் இறக்க வேண்டும்; அவர் சொன்னதுதான் விலை. அன்னக்கொடியின் லாரி ஓட ஆரம்பித்த பிறகுதான், நல்ல விலை கிடைக்கிற மண்டி எது என்று விசாரித்து அங்கே கொண்டுபோய் இறக்கலாம் என்கிற தைரியம் அந்த ஊருக்கு வந்தது. அந்த லாரி நின்றுவிட்டால் அவளும் அவளை நம்பி மூட்டை ஏற்றியவர்களும் மறுபடியும் அழகுமலை வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

நிற்கிற மாதிரித்தான் ஆகிக்கொண்டிருந்தது. லாரியின் பிரேக் டிரம் வெடித்துக்கொண்டே இருந்தது.

டிரம் என்றால் சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற வார்ப்பிரும்புச் சட்டி. பிரேக்கை மிதித்தால் உள்ளே பட்டை விரிந்து அந்தச் சட்டியை இறுக்கிப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். லாரி மலை இறங்கி வத்தலக்குண்டுக்குள் நுழையும்போது சக்கரத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும். பட்டறைக்காரர் குருநாதன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, டிரம் வெடிச்சுக் கெடக்கு" என்பார். புது டிரம் மதுரையிலிருந்து வரவேண்டும். வந்து மாட்டி முடிகிறதற்குள் அவளுடைய மேட்டு வயலில் ஒரு பருவம் விளைந்த பூண்டில் பாதி போய்விடும். வயிற்றில் அடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வருவாள். அடுத்த அறுப்புக்குள் இன்னொரு சக்கரத்தில் அதே சங்கதி.

முதல் தடவை விதி என்றாள். இரண்டாம் தடவை கண்ணேறு என்றாள். மூன்றாம் தடவை அவள் நாத்தனார் வேலுத்தாய் பூண்டுத் தாளை முறுக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஏன் மதினி, உங்க வண்டிக்கு மட்டுந்தானா டிரம்மு இருக்கு? அழகுமலை வண்டிக்கு இல்லையா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அன்னக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் சந்தேகம் குருநாதன் மேல் விழுந்தது. நல்ல டிரம்மைக் கழற்றி ஒளித்து வைத்துக்கொண்டு, எங்கோ கிடந்த ஓட்டை டிரம்மைக் காட்டிக் காசு பிடுங்குகிறாரோ? அடுத்த தடவை புது டிரம் வந்து இறங்கியபோது, குருநாதன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மடியில் வைத்திருந்த அரத்தை எடுத்து டிரம்மின் விளிம்பில் சின்னதாய் ஒரு வேல் கீறிவைத்தாள். அது வெடித்துக் கழன்று வந்த நாளில், "எங்க, அந்தப் பழசைக் காட்டு" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கீறிய வேல் அப்படியே இருந்தது. அதன் பக்கத்திலேயே மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடியிருந்தது.

"என்னம்மா, டிரம்முல சாமி தெரியுதா?" என்று குருநாதன் கேட்டார்.

"தெரியுது, தெரியுது" என்றாள். அவர் யோக்கியன் என்று தெரிந்த பிறகு மனசு ஆறியிருக்க வேண்டும். அவளுக்கு ஆறவில்லை. குருநாதன் எடுக்கவில்லை என்றால் வேறு எவனோ உடைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

டிரைவர் நல்லுசாமி பழனிக்காரர். அங்கே அவர் சொந்தபந்தமெல்லாம் மலையடிவாரத்தில் பூக்கடையும் தேங்காய்க்கடையும் வைத்துப் பிழைக்கிறவர்கள். இவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நெற்றியில் திருநீறு, காதில் சொருகிய பீடி, வாய் ஓயாத பேச்சு. பொன்னுச்சாமி இருந்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர். அவரைப் பார்க்கும் போதெல்லாம் அன்னக்கொடிக்குப் புதுசாக ஏதாவது கண்ணில் பட்டது. இந்தச் சட்டை எப்போது எடுத்தது? வளைவில் ஏன் சீட்டியடிக்கிறான்? கொடைக்கானல் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி யாருக்குக் கை காட்டினான்? ஒருநாள் லாரியிலிருந்த சுத்தியலை எடுத்து வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். சுத்தியல் இல்லாமல் எப்படி உடைக்கிறான் பார்ப்போம் என்று. அந்தத் தடவை வழியில் டயர் பஞ்சராகி, நல்லுசாமி கல்லை வைத்து அடித்து அடித்துக் கைவிரல் நசுங்கித் திரும்பி வந்தார்.

"அக்கா, நம்ம சுத்தியலை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்க்கா."

"திருடன் எங்கதான் இல்லை" என்றாள் அன்னக்கொடி, அவர் முகத்தையே பார்த்தபடி.

அந்தத் தடவையும் டிரம் வெடித்திருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொடைக்கானலிலிருந்து இறங்குகிற மலை ரோட்டில், முக்கால்வாசி இறக்கம் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அங்கே பாறை இடுக்கிலிருந்து பனிக்கட்டி மாதிரித் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். பக்கத்தில் கல்லாய் நிற்கிறவர் கருப்பசாமி. பழைய குதிரைப்பாதையும் மோட்டார் ரோடும் அந்த இடத்தில்தான் ஒன்று சேரும். குதிரைக்காரர்கள் காலத்தில் அந்த ஊற்றில் குதிரைகளின் காலைக் கழுவிவிட்டு, 'கருப்பா, கால் தவறாமல் இறக்கிவிட்டாய்' என்று கும்பிட்டுத்தான் அப்பால் போவார்கள். லாரி வந்ததும் பொன்னுச்சாமி அந்த வழக்கத்தை விடவில்லை. லாரிக்குக் கால் எது? சக்கரந்தானே. சக்கரத்துக்கு ஒரு குடம் என்று ஊற்றிக் கழுவச் சொன்னார். தண்ணீர் பட்டதும் சக்கரம் 'புஸ்' என்று சீறிப் புகை விடும். கருப்பசாமி ஏற்றுக்கொண்டு பெருமூச்சு விடுகிறார் என்று நல்லுசாமி கன்னத்தில் போட்டுக்கொள்வார். கிளீனர் மணியன் மணியை அடித்துத் தேங்காயை உடைப்பான். லாரி உறுமிக்கொண்டே கிளம்பிவிடும்.

இரண்டாவது டிரம் வெடித்தபோதே அன்னக்கொடி கேட்டாள்.

"ஏலே நல்லுசாமி, ஊத்துல ஒழுங்காக் காலைக் கழுவுறீங்களா, இல்ல வெரசாப் போகணும்னு அப்படியே பறக்குறீங்களா?"

"கழுவாம போவோமாக்கா? சக்கரத்துக்கு ஒரு கொடம்."

"ரெண்டா ஊத்து. கருப்பனுக்குக் கொறை வச்சா இப்படித்தான் அடிவயித்துல அடிப்பான்."

மூன்றாவது வெடித்தபோது மூன்று குடம் என்றாள். அழகுமலை லாரியோ அந்த வளைவில் நிற்கிறதே இல்லை. கருப்பனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதன் டிரம் வெடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சாமியை மதிக்காதவன் வண்டி ஓடுகிறது, மதிக்கிறவள் வண்டி உடைகிறது என்றால் நடுவில் மனுஷக் கை ஒன்று இருந்தாக வேண்டும் என்று அன்னக்கொடி முடிவு கட்டினாள். அந்தக் கை நல்லுசாமியுடையது. அந்தக் கையில் காசு வைக்கிறவர் அழகுமலை.

அழகுமலையும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பூம்பாறைக்கே வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே, "தங்கச்சி, எதுக்கும்மா இந்தப் பாடு? இரும்பு ஆம்பளைக்கே அடங்காது. வண்டியை எங்கிட்டத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியாப் பூண்டை உரிச்சுக்கிட்டு இரு" என்றார். அவர் சொன்ன விலை, பொன்னுச்சாமி கொடுத்ததில் பாதிகூட இல்லை. அவளால் உடனே மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு டிரம்முக்கு அவளிடம் வழி கிடையாது. அவள் பூண்டெல்லாம் பழைய டிரம்களுக்கே போய்விட்டது; இப்போது லாரியில் ஏறுகிறது ஊரார் பூண்டுதான்.

"வர்ற சந்தைக்கு நானே எறங்கி வர்றேன். அன்னைக்குச் சொல்றேன்" என்றாள்.

சந்தை நாள் வந்தது. வெள்ளனே எழுந்து, குளித்து, லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கிளீனர் மணியனை, "நீ இன்னைக்கு வரவேணாம், வயல்ல சோலி கெடக்கு" என்று நிறுத்திவிட்டாள். அவனும் கூட்டாளியாய் இருந்தால்? தன்மேல்தான் சந்தேகம் என்று நல்லுசாமிக்குப் புரிந்துவிட்டது. வழக்கமாய்க் கொடைக்கானல் வருவதற்குள் மூன்று ஊர்க்கதை பேசுகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினார்கள். நல்லுசாமி கடைக்காரர் காதருகில் போய் என்னவோ கேட்டார். கடைக்காரர் உள்ளே போய்க் காகிதத்தில் எதையோ மடித்து அவர் கையில் வைத்தார். அன்னக்கொடி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன குசுகுசு? கையில என்ன?"

"கிராம்புக்கா. கடைவாய்ப் பல்லு வலி உசிரு போகுது."

"வாயைத் தெற, பாப்போம்."

நல்லுசாமி அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து காட்டினார். பல் நிஜமாகவே கறுத்துச் சொத்தையாய்த்தான் இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மொதலாளியம்மா, அப்படியே நாக்கையும் பாத்துருங்க. பொய் சொன்னா கறுத்திருக்கும்" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். நல்லுசாமி கிராம்பைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் லாரியில் ஏறினார்.

இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க மிதிக்க, கருகின வாடை ஒன்று சீட்டுக்கு அடியிலிருந்து எழும்பி வந்தது.

"இதென்ன நாத்தம்?"

"பட்டை சூடேறுதுக்கா. மூட்டையோட மலை எறங்கினா அப்படித்தான்."

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்குந்தான். அழகுமலை அண்ணன் வண்டிக்கு வேணும்னா சந்தனம் மணக்கும்."

அந்தப் பேரை அவர் வாயால் கேட்டதும் அன்னக்கொடியால் அடக்க முடியவில்லை.

"அவன் உனக்கு என்ன குடுக்குறான்?"

"எவன்?"

"அழகுமலை. டிரம்மு ஒண்ணுக்கு உனக்கு என்ன குடுக்குறான்?"

நல்லுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று வண்டியை இறக்கினார். கருப்பசாமி ஊற்று வந்ததும் ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, கல் எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சாவியை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தார்.

"அக்கா, அண்ணன் இருந்தப்ப இந்த வண்டியில ஏறுனவன் நான். அவர் செத்த அன்னைக்குத் தூக்குன நாலு பேர்ல நானும் ஒருத்தன். நீங்க சுத்தியலை ஒளிச்சு வச்சது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான் தொட்டாத்தானே கெடுது? இன்னைக்கு நான் தொடலை. நீங்களே கழுவுங்க. நான் அந்தா உக்காந்திருக்கேன். ரெண்டு கையையும் நல்லாப் பாத்துக்கங்க."

ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் போய், பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார், போலீசில் மாட்டினவன் மாதிரி.

அன்னக்கொடி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள். ஊற்றுத் தண்ணீர் விரலை விறைக்க வைத்தது. முதல் குடத்தை முன்சக்கரத்தில் சாய்த்தாள். புஸ் என்று புகை முகத்தில் அடித்தது. 'கருப்பா, ஏத்துக்கோ' என்றாள். திரும்பிப் பார்த்தாள். நல்லுசாமி அசையவில்லை. இரண்டாவது குடத்தைக் கொண்டுவந்து, சக்கரத்தின் துவாரங்களுக்குள் நன்றாகப் போகட்டும் என்று கிட்டத்தில் குனிந்து ஊற்றினாள்.

'ணங்.'

மணி அடிக்கவில்லை. தேங்காய் உடைபடவில்லை. என்ஜின் உறுமவில்லை. அந்தச் சத்தம் மட்டும் மலைக்குள் தனியாய்க் கேட்டது.

முதலில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? லாரிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். எவனாவது பதுங்கியிருந்து கல் எறிந்தானா என்று புதரை விலக்கினாள். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒருவரும் இல்லை. நல்லுசாமியின் கைகள் தலைமேலேயே இருந்தன. அவரோ பல்வலியில் முனகிக்கொண்டிருந்தார். பள்ளத்துக் காற்றில் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டதாகவே தெரியவில்லை. திரும்பி வந்து சக்கரத்துக்குள் விரலை விட்டு டிரம்மைத் தொட்டாள். சுரீர் என்று சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஈரம் ஆவியாகிக் காய்ந்துகொண்டிருந்த இரும்பில், மயிர்க்கோடு மாதிரி ஒன்று கறுப்பாய் ஓடியது.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதுசில்லை. அடுப்பில் மண்சட்டி வெறுமனே காய்ந்துகொண்டிருக்கும்போது, கைமறதியாய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வருகிற சத்தம். எந்த வீட்டுப் பொம்பளைக்குத்தான் தெரியாது? கல்யாணமாகி வந்த புதுசில் அப்படி ஒரு சட்டியை வெடிக்கவிட்டு மாமியாரிடம் வசவு வாங்கினவள்தான் அவளும். இரும்புக்கும் அது பொருந்தும் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

குடத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னே ஒன்றிரண்டு தடவை புருஷனோடும் குதிரைகளோடும் இந்த வழியில் நடந்து வந்திருக்கிறாள். பொன்னுச்சாமி இந்த ஊற்றில் என்ன செய்வார்? வந்ததும் மூட்டையைத் தளர்த்துவார். வைக்கோலை முறுக்கிக் குதிரைகளின் முதுகைத் தேய்ப்பார். அப்புறம் உட்கார்ந்து ஒரு பீடி முழுசாய்க் குடிப்பார். "வேர்வை அடங்கட்டும். வெந்த காலுல தண்ணி பட்டா நரம்பு இழுத்துக்கும்" என்பார். அதற்குப் பிறகுதான் கால் கழுவல். லாரி இரும்பு, இரும்புக்கு வேர்க்காது. அதனால் அந்தப் பீடி நேரத்தை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். கூட்டிக் கூட்டி ஊற்றச் சொன்னது யார்? அவள்தான்.

கண்ணுகளா, அந்த நேரத்தில் அவளுக்கு வந்த நினைப்பையும் நான் மறைக்கக் கூடாது. யாரும் பார்க்கவில்லை. பேசாமல் குடத்தை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால், வத்தலக்குண்டில் வழக்கம்போல டிரம் கடகடக்கும். நல்லுசாமிதான் என்று சொன்னால் ஊர் நம்பும். வேலுத்தாய் சாட்சியே சொல்லுவாள். லாரியை அழகுமலை தலையில் கட்டிவிட்டு, 'துரோகத்தில் தோற்றேன்' என்று வீட்டில் படுத்துக்கொள்ளலாம். முட்டாள்தனத்தில் தோற்றேன் என்று சொல்வதைவிட அது எவ்வளவோ கௌரவம். அவளும் மனுஷிதானே, அதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். ஆனால் லாரி போய்விடும். அதோடு ஊரும் அழகுமலை வாசலுக்குப் போய்விடும்.

"ஏலே நல்லுசாமி" என்று கூப்பிட்டாள். "கையைக் கீழ போடு. இங்க வா."

அவர் வந்து குனிந்து பார்த்தார். விரிசலையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நான் அங்கதான் இருந்தேன். சாமி சத்தியமா நான் தொடலை."

"நீ தொடலைப்பா. நாந்தான் ஒடைச்சேன். தண்ணி ஊத்தி ஒடைச்சேன். இத்தனை நாளா நாமதான் ஊத்தி ஊத்தி ஒடைச்சிருக்கோம்."

"என்னக்கா இது, புது வழியா இருக்கு?" நல்லுசாமியின் கண் சுருங்கியது. "இப்படிச் சொல்லி என்னை வண்டியில ஏத்தி, கீழ போனதும் அழகுமலை முன்னால என் தலையில போடுறதுக்கா?"

அன்னக்கொடிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவள் அவரைப் பார்த்த அதே பார்வை. அவர் கண்ணில் இருந்து அது அவளைத் திருப்பிப் பார்த்தது.

"நம்பலேல்ல?"

"எப்படிக்கா நம்பறது? அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஊத்திக் காட்டுங்க, பாப்போம்."

குடம் கையில் இருந்தது. ஊற்று ஊற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு ரோஷம் மூண்டு எழுந்து ரெண்டடி நடந்தும்விட்டாள். நல்லுசாமிதான் பாய்ந்து வந்து குடத்தைப் பிடுங்கினார்.

"வேணாம்க்கா! இன்னொண்ணும் போச்சுன்னா வண்டி இங்கயே கெடக்கும்!"

"அப்ப நம்புறியா?"

"வெலையை நம்புறேன்" என்றார் நல்லுசாமி. "இன்னொரு டிரம்மு வெலையைத் தூக்கிப் பள்ளத்துல எறியத் துணிஞ்சுட்டீங்கன்னா, அதுல பொய் இருக்காது."

முதல் கியரில் போட்டு, எறும்பு ஊருகிற மாதிரி வண்டியை இறக்கினார்.

குருநாதன் பட்டறையில் நாற்காலி போட்டு அழகுமலை உட்கார்ந்திருந்தார். லாரி உள்ளே நுழைகிற சத்தத்தைக் கேட்டதுமே சிரித்தார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கும் டிரம்மா?"

"ஆமாண்ணே" என்றபடி அன்னக்கொடி இறங்கினாள். பட்டறையில் இருந்த ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நாந்தான் ஒடைச்சேன். கருப்பன் ஊத்துல, கொதிக்கிற சக்கரத்துல பச்சைத் தண்ணியை ஊத்தி ஒடைச்சேன். இதுக்கு முந்தி வெடிச்சதும் அப்படித்தான். இந்த மனுஷன் மேல நான் பழி நெனச்சது தப்பு."

குருநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, ஆத்தா! தண்ணி ஊத்துறோம்னு எங்கிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சாமி காரியத்தை உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"நான் என்னென்னமோ நெனச்சேனே! நீங்க கள்ளத்தனமா மூட்டை கூட ஏத்துறீங்கன்னு நெனச்சேன். மதுரைக் கடைக்காரர் மட்டமான வார்ப்பைக் குடுக்குறார்னு அவரோட சண்டையே போட்டுட்டு வந்தேன்!"

ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஒருவராவது வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்னக்கொடியின் பூண்டு பிழைத்திருக்கும்.

அழகுமலை மட்டும் விடவில்லை. "சரி தங்கச்சி, ஒடைச்சது யாரா இருந்தா என்ன? இந்த டிரம்முக்கு வழி என்ன? பேசுன வெலைக்கு முடிச்சுக்குவமா?"

"முடிக்கலைண்ணே. வண்டி என்கிட்டயே இருக்கட்டும்."

"சாமிக்குத் தண்ணி ஊத்தி வண்டியை ஒடைச்ச கதையைக் கேட்டா மலையே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சிட்டு மூட்டையை என் வண்டியில ஏத்தட்டும்."

காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் குருநாதன் கையில் வைத்தாள். "காரணம் தெரியாம போட்ட காசெல்லாம் வயிறெரிஞ்சு போட்டது. இது தெரிஞ்சு போடுறது. மாட்டு" என்றாள். குருநாதன் தோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த அறுப்பில் பூண்டாகக் கொடுங்கள் போதும் என்றார். ஏன் இவ்வளவு இரக்கம் என்று அவளுக்கு உடனே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

நல்லுசாமி வாசலில் தூணோரமாய் நின்றிருந்தார். சாவியை எடுத்துப் போய் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"ஒரு வார்த்தை குடுங்கக்கா. இனிமே என் முதுகுல உங்க கண்ணு ஊராது."

பொய் சொல்ல அன்றைக்கு அவளுக்கு இஷ்டமில்லை.

"ஊரும்ப்பா. எனக்கு அது பொறவியிலயே வந்தது. ஆனா இனி ஒண்ணு. மனசுல பட்டதை மூடி வச்சுப் புழுங்கமாட்டேன். மொதல்ல உங்கிட்டக் கேப்பேன். நீயும் திருப்பிக் கேளு."

நல்லுசாமி பல்லைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "பல்லைத் தெறன்னு மட்டும் டீக்கடையில வச்சுக் கேக்காதீங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

"கருப்பனுக்கு என்ன சொல்றதுக்கா? கழுவாம போனா கோவிச்சுக்குவாரே?"

"கழுவாம எப்படிப் போறது? எறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போ. காலி வண்டியா ஏறி வரும்போது சக்கரம் சில்லுன்னு இருக்கும். அப்பக் கழுவு, எத்தனை கொடம் வேணுமோ ஊத்து. ஏறும்போதும் அதே கருப்பந்தானே நிக்கிறான். மத்ததை நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்."

புது டிரம் மாட்டி ஏறி வந்த அன்றைக்கு ஊற்றில் வண்டியை நிறுத்தினார்கள். அன்னக்கொடி முதலில் சக்கரத்துக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. 'நான் தொட்டது போதாது, நீயும் தொடு' என்று நல்லுசாமியையும் தொடச் சொன்னாள். அவரும் தொட்டார். பிறகு ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். புகை வரவில்லை, சீறவில்லை. தண்ணீர் சக்கரத்தில் வழிந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, பள்ளத்துக்குள் பேசாமல் இறங்கிப் போனது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் செல்வங்களே, உங்கள் வீட்டிலிருந்து மலை இறங்குகிறவர்கள் எல்லோரும் முழுசாய் ஏறி வரட்டும். உங்கள் சட்டியும் பானையும் விரிசல் காணாமல் இருக்கட்டும். உங்கள் மச்சில் பூண்டு காயட்டும், குதிரில் நெல் நிறையட்டும். ஒருவர் மனசில் உறுத்துகிறதை மற்றவரிடம் கேட்கிற வாயும், கேட்டால் கோபிக்காத மனசும் உங்கள் குடும்பத்துக்கு வாய்க்கட்டும். கருப்பன் காவல் இருப்பான். நல்லா இருங்கள்.